நாற்பதா, எண்பதா, நூற்றறுபதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவுஸ்திரேலியாவிலிருந்து மருமகள், என் சகோதரியின் மகள், அழைத்தாள். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். பிந்திய வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். மெல்பேர்னுக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் தாதி.

"மாமா, வாற சீசனுக்கு எதிலை பதியிறது எண்டு தெரியேல்லை. 40-இலேயே நிக்கவா, 80-க்குப் போகவா? இஞ்ச ஒரு அக்கா தன்ர குதிரையைத் தாறன், 160-க்கே ஆயத்தப்படுத்து எண்டு சொல்லுறா." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. "40 ஓடினன் எண்டா ஒருத்தரும் கணக்கெடுக்கினமில்லை மாமா. 'ஓ, அந்தச் சின்னதா' எண்டு கேட்டிட்டு அங்கால போயிடினம்."

அவள் கேட்டது நெடுந்தூரக் குதிரைச் சவாரியைப் பற்றி. என்டியூரன்ஸ் என்பார்கள். அவளிடம் எட்டு வயது அரபுக் குதிரை ஒன்று இருக்கிறது. செம்பட்டை நிறம், கொஞ்சம் அவசரக்காரன். இதுவரை 40 கிலோமீற்றர் சவாரி இரண்டு முடித்திருக்கிறாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கடை போடுவதற்கு முன் ஒன்பது வருடம் வளைகுடா நாடு ஒன்றில், நெடுந்தூரக் குதிரைகள் நிற்கும் லாயத்தில் வேலை செய்தேன். போட்டியில் ஏறி ஓடியவன் இல்லை நான். காலைப் பயிற்சிக்குக் கொண்டுபோனதுதான் என் சவாரி. மற்றபடி கால் கழுவியது, ஐஸ் கட்டியது, இதயத் துடிப்பு எண்ணியது, இவ்வளவுதான். திருகோணமலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இந்த ஊரில் நாலுகால் என்றால் கோட்டைக்குள் மேயும் புள்ளிமானும் நடுறோட்டில் படுத்திருக்கும் மாடும்தான். குதிரையைப் பார்க்க வேண்டுமென்றால் நெடுந்தீவுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேட்டைத் திருவிழா வரை பொறுத்திருக்க வேண்டும். அன்றைக்குச் சுவாமி குதிரை வாகனத்தில் ஏறிக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வருவார். அதை யாரும் சின்னச் சவாரி என்று சொல்லிக் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கோர்த்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருக்கக்கூடும்.

முதலில் தூரத்தை எங்கள் ஊர்க் கணக்கில் பார்ப்போம். 40 கிலோமீற்றர் என்றால் திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எல்லாம் தாண்டி இன்னும் கொஞ்சம். 80 என்றால் கந்தளாய் கடந்து ஹபறணைக்குக் கிட்ட. 160 என்றால் அநேகமாக ஹபறணைக்குப் போய்த் திரும்பி வருவது, ஒரே நாளில், ஒரே குதிரையில். குச்சவெளியைப் "பக்கத்தில்தானே" என்கிறவர்கள் ஓகஸ்ட் மாத வெயிலில் அங்கே ஒருதரம் சைக்கிளில் போய்ப் பார்க்கட்டும்.

அடுத்தது நேரம். அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய ஏ.ஈ.ஆர்.சி. என்ற நெடுந்தூரச் சவாரி அமைப்பின் விதியில், இடைத்தங்கலும் சேர்த்து 25 மைலுக்கு (நம் 40 கிலோமீற்றர்) 6 மணித்தியாலம், 50 மைலுக்கு (80) 12, 100 மைலுக்கு (160) 24. வகுத்துப் பாருங்கள், மூன்றுக்கும் மணிக்கு நாலு மைல் சொச்சம்தான் வரும். மணிக்கூட்டுக்கு மூன்று பேரும் ஒன்று. ஆனால் பெயர் வைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. 50 மைலும் அதற்கு மேலும் போனால்தான் அது என்டியூரன்ஸ். 25 முதல் 35 மைல் வரை 'லிமிடெட் டிஸ்டன்ஸ்', அதாவது மட்டுப்பட்ட தூரம். பெயரிலேயே தலையில் ஒரு குட்டு. இத்தனைக்கும் "முடித்தாலே வெற்றி" என்பதுதான் அந்த அமைப்பின் வாசகம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 50 மைலில் முடிவுக் கோட்டை யார் முதலில் தாண்டுகிறாரோ அவர்தான் முன்னால். அதன்பின் அரை மணித்தியாலத்துக்குள் குதிரையின் துடிப்பு நிமிடத்துக்கு 68-க்கு இறங்கினால் போதும். மட்டுப்பட்ட தூரத்தில் அப்படி இல்லை. கோட்டைத் தாண்டினாலும் உங்கள் நேரம் நிற்காது. குதிரையின் துடிப்பு 60-க்கு இறங்கிய நொடியில்தான் நீங்கள் "வந்து சேர்ந்தவர்". கடைசிக் கட்டத்தில் பாய்ந்து வந்தவர் குதிரை ஆறும்வரை நிற்க, பின்னால் நிதானமாய் வந்தவர் முந்திவிடுவார். குறுந்தூரத்துக்கு வைத்த விதிதான் இரண்டிலும் கறாரானது என்பது என் அபிப்பிராயம். லாயத்தில் எங்கள் முதலாளிமாரிடம் இப்படி ஒரு விதியைக் காட்டியிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார்கள்.

மருமகள் இருக்கும் அவுஸ்திரேலியாவில் 80-இலிருந்துதான் என்டியூரன்ஸ். 40 கிலோமீற்றரைப் பயிற்சிச் சவாரி என்கிறார்கள். அதில் முதலாமிடம், இரண்டாமிடம் கிடையாது. குறித்த நேரத்துக்கு முன் வந்துவிட்டாலும் தகுதி போய்விடும். பரிசு இல்லை, மேடை இல்லை. அதனால்தான் அங்கே "சின்னது" என்ற பேச்சு இன்னும் சுலபமாக வருகிறது.

இப்போது கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். என் மனம் எப்போதும் அங்கேதான் போகும். மருத்துவச் சோதனை, வெட் கேட் என்பார்கள். 40 ஆனாலும் 160 ஆனாலும் குதிரை அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை முழங்கைக்குப் பின்னால் வைப்பார். ஓய்வில் 30, 40 என்று அடிக்கும் இதயம், சர்வதேச விதிப்படியானால் இடையில் வரும் ஒவ்வொரு சுற்று முடிந்தும் 15 நிமிடத்துக்குள் 64-க்கு வந்திருக்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துவார். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். வயிற்றின் நாலு பக்கமும் காது வைத்துக் குடல் சத்தம் கேட்பார். சத்தம் இல்லாவிட்டால்தான் பயம். பிறகு முதுகு, வயிற்றுப்பட்டி உராயும் இடம். கடைசியாகக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் ஓடிக்காட்ட வேண்டும். தலை ஒரு பக்கம் தூக்கிப் போட்டால், பின்காலில் ஒரு அடி பிசகினால் அன்றைய நாள் முடிந்தது. எந்தத் தூரத்திலும் குதிரைகள் அதிகம் வெளியேற்றப்படுவது நொண்டலால்தான்.

இந்த வாசலில் நிற்கிறபோது யார் எத்தனை கிலோமீற்றர் என்று டொக்டரின் விரலுக்குத் தெரியாது. 40 ஓடும் பிள்ளையும் அதே வாளி, அதே பஞ்சு, அதே நெஞ்சிடி.

வித்தியாசம் எங்கே வருகிறது? குதிரையின் உடம்புக்குள்ளே. மூச்சும் தசையும் சில மாதப் பயிற்சியிலேயே தேறிவிடும். தசைநாருக்கு அதைவிடக் காலம் வேண்டும். எலும்பு எல்லாவற்றுக்கும் பின்னால் வரும், வருடக்கணக்கில். ஆகவே நாலாம் மாதத்தில் குதிரை "நான் தயார்" என்று துள்ளும். அதன் நெஞ்சு தயார்தான், கால் தயாரில்லை. நொண்டல் தொடங்குவது அந்த இடைவெளியில். ஒரு வருடம் 40-இலேயே நிற்பவர்கள் இந்த இடைவெளி மூடும்வரை பொறுத்திருக்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது தயக்கமாகத் தெரியும்.

இன்னொன்று வியர்வை. நம் வியர்வையில் இரத்தத்தைவிட உப்புக் குறைவு. வியர்த்தால் இரத்தத்தில் உப்பு மிஞ்சித் தாகம் எடுக்கும், சோடாவைத் தேடி ஓடுவோம். குதிரையின் வியர்வையிலோ உப்பு அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போய்விடுவதால் அதன் மூளைக்குத் தாகம் சரியாக எட்டுவதில்லை. வெக்கையான நாளில் ஒரு மணித்தியாலத்தில் 10 லீற்றருக்கு மேல் வியர்வை போனபிறகும் தொட்டியில் வாய் வைக்காமல் நிற்கும். 40-இல் இந்தக் கணக்குப் பிசகினாலும் பெரும்பாலும் வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துவிடலாம். 80-இல் இரண்டாம் வாசலில் காட்டிக் கொடுத்துவிடும். 160-இல், இருட்டில், நூறாவது கிலோமீற்றருக்குப் பிறகு காட்டும். அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு குதிரையை நான் பார்த்திருக்கிறேன். என் பொறுப்பில் இருந்த சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. கையில் சீனிக்கட்டி இருப்பது தெரிந்தால் சட்டைப் பையைக் கடிக்கும். அதில் ஏறிய பையன் வட இந்தியன், இருபது வயதுக்குள். 80 இரண்டு முடித்திருந்தான். இன்னொரு சீசன் 80-இலேயே வைத்திருப்போம் என்று அவன் கேட்டபோது, பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் "பொம்பிளையள் ஓடுற தூரம்" என்று சிரித்தார். அந்த மாதமே 120-இல் பதிந்தார்கள். அங்கே பாலைவனம் சமதரை. முன்னால் ஓடுகிறவர்கள் மணிக்கு சராசரி 25 கிலோமீற்றருக்கு மேல் போவார்கள், பக்கத்தில் வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே வரும். மூன்றாம் வாசலில் அதன் துடிப்பு 72-க்குக் கீழே இறங்கவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். விலா நடுங்கிக்கொண்டு நின்றது. இரவு முழுக்கக் கழுத்து நரம்பில் சேலைன் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் அதற்குப் பிறகு போட்டிக்கு வரவில்லை. அந்தப் பையன் அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டான்.

குதிரையைக் கெடுத்தது 120 என்ற இலக்கமா, அந்தச் சிரிப்பா என்று இன்றைக்கும் யோசிப்பேன். என் சந்தேகம் சிரிப்பின் மேல்தான். வேகமும் தூரமும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த உதாரணமும் உண்டு. 2015 மார்ச்சில் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம், குதிரைகளின் நலனைக் காரணம் காட்டி ஐக்கிய அரபு இராச்சியத்தின் சம்மேளனத்தையே சில மாதங்கள் இடைநிறுத்தி வைத்தது. இன்று அதே சர்வதேச விதிகளில் புதியவர்கள் முதலில் 40-இலிருந்து 79 வரையில் இரண்டும், 80-இலிருந்து 100 வரையில் இரண்டும், மணிக்கு 16 கிலோமீற்றருக்கு மிஞ்சாமல் முடிக்க வேண்டும். நூற்றறுபதுக்குப் போகிற வழியே நாற்பதுக்குள்ளால்தான் போகிறது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு 40 எப்போதும் நல்லது, 80 எப்போதும் ஆபத்து என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இறுகிய தரையில் 40-ஐப் பறந்து முடிப்பது, மெதுமெதுவாக 80 போவதைவிடக் கால்களுக்குக் கேடு. வருடக்கணக்காக ஓடிப் பழகிய குதிரையானால், 80 கிலோமீற்றர் நிதானச் சவாரி அதற்கு ஒரு நல்ல நாள். 40-இல் பதிந்துவிட்டோம், இனி என்னவும் செய்யலாம் என்று விரட்டுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

160-ஐயும் குறைத்துச் சொல்ல மாட்டேன். கலிபோர்னியாவில் வெண்டெல் ரொபியும் கூட்டாளிகளும் 1955-இல், ஒரு நாளில் 100 மைல் குதிரையில் போகலாம் என்று காட்டுவதற்காகப் புறப்பட்டார்கள். அதிலிருந்து வந்ததுதான் ரெவிஸ் கப் (Tevis Cup) சவாரி. மலை, பள்ளத்தாக்கு, இரவில் ஆறு கடத்தல். தொடங்குகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் ஆர். எம். வில்லியம்ஸ் முன்னின்று 1966-இல் தொடங்கிய ரொம் குவில்ற்றி, நடுச்சாமத்தில் புறப்பட்டு 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டிய 160. முடித்தால் ஒரு பெல்ட் பக்கிள் தருவார்கள். அதை இடுப்பில் கட்டியவர் அதற்குத் தகுந்தவர்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த அக்கா தருவதாகச் சொன்ன குதிரை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. குதிரை 160 தெரிந்த குதிரையாம். ஏறுகிறவளுக்குத் தெரியாதே. பதினைந்தாவது மணித்தியாலத்தில் சவாரிக்காரரின் இடுப்பு தளர்ந்துவிடும். சேணத்தில் மூட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து குந்துவார். அந்தச் சாய்வைச் சுமப்பது குதிரையின் முதுகு. அதில் புண் வரும், அதைத் தாங்கப்போய் எதிர்ப்பக்கக் கால் பிசகும். இரவல் குதிரையில் அப்படி நடந்தால் உறவும் போய்விடும், அது வேறு.

செலவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 40-க்குத் தனியாகவே போய்வரலாம். 80-க்கு ஒரு உதவியாள் வேண்டும், அங்கே ஸ்ட்ராப்பர் என்பார்கள். 160-க்கு நித்திரை முழிக்கக்கூடிய மூன்று நாலு பேர் வேண்டும், அவர்களுக்குச் சாப்பாடும் வேண்டும். லாடம், தீனி, பயண டீசல், வேலையில் எடுக்கும் லீவு எல்லாம் தூரத்தைவிட வேகமாக ஏறும். ஞாயிறு சவாரி முடித்துத் திங்கள் காலை ஏழு மணிக்கு வார்ட்டில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு இதுவும் ஒரு கணக்குத்தான். குறுந்தூரத்தில் யார் யார் ஓடுகிறார்கள் என்று ஒருதரம் சுற்றிப் பார் என்றேன் அவளிடம். மூட்டுவலியோடு அறுபது தாண்டியவர், பிள்ளை பெற்று ஆறுமாதம் ஆனவர், பதின்மூன்று வயதுப் பெட்டை, 160 பலதரம் முடித்துவிட்டு இப்போது கிழட்டுக் குதிரையைச் சும்மா நிற்க விட மனமில்லாமல் கூட்டிவருகிறவர். இதில் யாரைச் "சின்னது" என்று சொல்லப் போகிறாய்?

கதிர்காமப் பாதயாத்திரை எங்கள் ஊருக்குள்ளால்தான் போகிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்படுகிறவர்கள் முல்லைத்தீவு கடந்து, இங்கே கோணேசரைக் கும்பிட்டு, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில் என்று ஒரு மாதத்துக்கு மேல் நடப்பார்கள். சிலர் திருகோணமலையில் சேர்வார்கள், சிலர் வெருகலில். நிறையப் பேர் உகந்தையில் சேர்ந்து காட்டுப்பாதை மட்டும் நடப்பார்கள். என் அம்மம்மா அப்படித்தான், மூன்று தரம் போனவர், மூன்று தரமும் உகந்தையிலிருந்து. சந்நிதியிலிருந்து நடந்து கால் வெடித்தவர்களும் அவரும் காட்டுக்குள் ஒரே குடத்துத் தண்ணீரைத்தான் பங்கிட்டார்கள். எல்லோரும் எல்லோரையும் "சாமி" என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கிருந்து தொடங்கினாய் என்று கேட்பார்களாம், அது ஊர் விசாரிக்கிற கேள்வி. அம்மம்மா ஒருநாளும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மருமகளுக்கு இந்தக் கதை தெரியாது, ஆறு வயதில் விமானம் ஏறியவள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மம்மாவின்ர அம்மாவா மாமா?" என்றாள். ஓம், உன்னுடைய பூட்டி.

அப்போ என்னதான் முடிவு? அவளுக்கு நான் சொன்னது இது. இந்த சீசனில் 40 மூன்று ஓடு. அதில் ஒன்று நல்ல வெக்கை நாளாக இருக்கட்டும். நேரத்தைப் பார்க்காதே, மூன்று விஷயங்களைப் பார். சுற்று முடிந்து பத்து நிமிடத்துக்குள் துடிப்பு இறங்குகிறதா? சேணத்தைக் கழற்றியதும் தானாகவே தின்னுகிறதா, குடிக்கிறதா? மறுநாள் காலை கயிற்றில் ஓடவிட்டால் நேராக ஓடுகிறதா? மூன்று சவாரியிலும் மூன்றுக்கும் ஓம் என்றால் சீசன் கடைசியில் 80 ஒன்றுக்குப் பதி, பின்வரிசையில் மெதுவாகப் போ. மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றால் அடுத்த வருடமும் 40. குவில்ற்றிக்கு இந்த முறை போக வேண்டும், ஆனால் அந்த அக்காவின் ஸ்ட்ராப்பராக. இரவு இரண்டு மணிக்கு வாளியோடு நின்று பார்த்தவர்களுக்குத்தான் 160 என்றால் என்ன என்று விளங்கும். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

"அப்போ ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறது?" என்றாள்.

"40 எண்டு சொல்லு. பிறகு துடிப்பு எவ்வளவு எண்டும் சொல்லு. அவையின்ர குதிரைக்கு எவ்வளவு எண்டு கேள்."

போன ஞாயிறு பின்னேரம் வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று வந்தது. மூன்றில் முதலாவது 40 முடிந்ததாம். கடைசிக்கு முதல் ஆளாக வந்தாளாம். ஏழாவது நிமிடத்தில் 52. அதைச் சொல்லிவிட்டு, "மாமா, இதைக் கேளுங்கோ" என்று தொலைபேசியைக் குதிரைக்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தாள். நறுக் நறுக்கென்று வைக்கோல் மெல்லும் சத்தம். கடையில் ஆள் நின்றது. இருந்தும் இரண்டாம் தரம் போட்டுக் கேட்டேன்.